ஓஸ்வால்ட் அண்ணன் செய்த உப்புக் கூடை

நான் கூடை வகுப்பு வைத்தது பெண்களுக்காக. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு முற்றம் உண்டு. சனிக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டு ஐந்தாறு பேர் அங்கே வந்து உட்காருவார்கள். பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்துக் கூடை, தட்டு, சட்டி என்று செய்யச் சொல்லிக்கொடுப்பேன். உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி ஊர்க்கதை, கால்வாசிதான் கூடை. அங்கே ஓர் ஆண்பிள்ளை வந்து நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அதுவும் பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் அண்ணன், ஆறடி உயரமும் பெரிய மீசையுமாக, கக்கத்தில் ஒரு கட்டு நியூஸ் பேப்பரோடு.

“தங்கச்சி, கூடை சொல்லிக் குடுக்கிறியாமே. நானும் குந்திக்கட்டா?” என்றார்.

காய்கறி வண்டி போடுகிற சந்திரம்மா கன்னடக்காரி. எங்களோடு சேர்ந்து சேர்ந்து தமிழைப் பாதி விழுங்கியவள். “அண்ணா, இது லேடீஸ் கிளாஸு, கொத்தில்லவா, தெரியாதா?” என்று கேட்டாள்.

“பேப்பரு ஆம்பளையா பொம்பளையான்னு பாக்குமாம்மா?”

நகர்ந்து இடம் விட்டோம். அவர் உட்கார்ந்ததும் முற்றம் திடீரென்று சின்னதாகிவிட்டது. மற்ற பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர்க்கதையை நிறுத்திவிட்டார்கள். அதற்காகவே எனக்கு அன்றைக்கு அவர் மேல் எரிச்சல்.

அண்ணன் கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையில் துளைபோடும் மெஷின் பிடித்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். மகன் டேவிட் கூப்பிட்டான் என்று அவரும் சரளா அக்காவும் பெங்களூருக்கு வந்தார்கள். வந்து வருஷம் முடிவதற்குள் டேவிட்டுக்குப் புனேவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. பிள்ளை போனான், பெற்றவர்கள் இங்கேயே தங்கினார்கள். சரளா அக்காவுக்கு ரிச்மண்ட் டவுனில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்தது. அண்ணனுக்கு ஒன்றும் அமையவில்லை. பூமிக்குக் கீழேயே வாழ்க்கையை ஓட்டிய மனிதர் இப்போது பகலெல்லாம் வீட்டில் இருந்தார். வீட்டிலும் அவருக்கு நடையும் முன்னறையும்தான். சமையலறைக்குள் நுழைய அவருக்குத் தடை.

தடை போட்டது சரளா அக்கா. அதில் நியாயம் இருந்தது. அத்தனை வருஷம் அந்த மெஷின் அதிர்ந்து அதிர்ந்து அண்ணனுடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. ஒரு டம்ளரை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. லேசாகப் பிடித்தால் நழுவும், இறுக்கிப் பிடித்தால் நசுங்கும். வந்த புதிதில் அக்காவுக்கு உதவுகிறேன் என்று உள்ளே போய்க் காப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். கடைசியில் ஊறுகாய் ஜாடி போனது. அக்கா மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி சொன்னாள்: “நீங்க உதவி பண்ணாம இருந்தாலே எனக்குப் பெரிய உதவிங்க.”

இதை அண்ணனே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அப்புறம் பேப்பரைக் கிழித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்.

“நான் செஞ்ச பொருளு ஒண்ணாச்சும் அவ கிச்சனுக்குள்ள போவணும் தங்கச்சி. கீழ உழுந்தா உடையக் கூடாது. பேப்பரு உடையாதில்ல? அவளுக்குத் தெரிய வோணாம். செஞ்சி முடிச்சிக் கைல குடுக்கிறேன்.”

என் எரிச்சல் அத்தோடு போயிற்று. இவருக்கு எப்படியாவது ஒரு கூடையைச் செய்ய வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. எனக்குப் பிடிவாதம் வந்தால் எதிரில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். அண்ணனை அப்படித் திட்டியிருக்கிறேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எங்கள் குடியாத்தம் பக்கம் புது முறம் வாங்கினால் இடுக்கை அடைக்க வெந்தயமும் பேப்பரும் அரைத்துப் பூசுவார்கள். அதே கூழ்தான் இதற்கும். பேப்பரைக் கத்தரிக்கக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, வெந்தயத்தோடு சேர்த்து மைய அரைக்க வேண்டும். வெந்தயம் பிடிப்பும் கொடுக்கும், பூச்சியும் அண்டாது. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கூழைத் தட்டித் தட்டி அப்பிக் காயவைத்தால் பாத்திரத்தின் உருவத்திலேயே கூடை வந்துவிடும். பிறகு துணியை உரித்து, மேலே நல்ல தாள் ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

அண்ணன் முதல் தடவை என்ன செய்தார் என்றால், என் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அடியில் ஆரம்பித்தார். குடத்தின் வயிறு வரைக்கும்தான் பூச வேண்டும், அங்கே நிறுத்த வேண்டும். நான் உள்ளே போய்ப் பால் காய்ச்சி வருவதற்குள் வயிற்றைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் சுற்றி அப்பிவிட்டார். நல்ல வெயில். இரண்டு நாளில் இரும்பாகக் காய்ந்தது. கழற்றினால் வருமா? வயிறு அகலம், கழுத்து குறுகல். நான்கு பேர் இழுத்தும் குடம் உள்ளே பத்திரமாக இருந்தது.

“நிறுத்துன்னு சொன்ன எடத்துல நிறுத்த மாட்டீங்களா அண்ணே? எதுக்குக் கழுத்து வரைக்கும் போனீங்க?”

“பாதில உட்டா மேல இருந்து சரிஞ்சிடுமேன்னு பாத்தேன் தங்கச்சி.”

சந்திரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் குடம் போன கவலை. கடைசியில் காய்ந்த கூழை அரிவாள்மணையால் குறுக்கே அறுத்துத்தான் குடத்தை எடுத்தோம். அவர் சொன்னதில் விளையாட்டு ஒன்றும் இல்லை என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. சுரங்கத்தில் நான்கு பக்கமும் முட்டுக்கொடுத்து மூடினால்தான் ஆள் உயிரோடு மேலே வருவான். பாதி மூடியதை நம்ப அவருக்குத் தெரியாது.

அடுத்த தொல்லை கூழின் பதம். மற்றவர்களுக்கு, “ரெண்டு விரலால் நசுக்கிப் பாரு, நரநரன்னு இருந்தா இன்னும் அரை” என்று சொன்னால் போதும். இவருக்கு விரலில் ஒன்றும் தெரியாதே. கரகரப்பாக எடுத்துவிடுவார், காய்ந்ததும் விண்டுபோகும். ஒரு நாள் சலித்துப்போய், “கையை விடுங்க அண்ணே, காதை வெச்சிக் கேளுங்க” என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆட்டுக்கல் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பாறையை மெஷின் தொடும்போது உள்ளே கெட்டியா பொந்தா என்று சத்தத்தை வைத்தே சொல்லிப் பழகியவர். சரசரவென்று இருந்த சத்தம் அடங்கி வழவழவென்று மாறும் இடம் அவருக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு கூழில் அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் தைரியம் வந்தால் ஆபத்தும் கூடவே வருமே. ஒரு வியாழக்கிழமை சரளா அக்கா ஹாஸ்டலுக்குப் போனதும் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தடையை மீறிச் சமையலறைக்குள் போனார். அக்காவின் வெட் கிரைண்டரில் பேப்பரையும் வெந்தயத்தையும் போட்டு அரைத்தார். வெங்காயக் கூடை ஒன்று பெரிதாகச் செய்து அந்த ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். அரைத்து முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் கூடை தட்ட முடியாது. கூழை ஓர் எவர்சில்வர் அண்டாவில் வழித்து, தட்டுப் போட்டு மூடி, மூலையில் வைத்தார். கிரைண்டரைக் கழுவினார். அந்த நேரம் பார்த்து தங்கவயலில் இருந்து மாரிகுப்பம் ரயிலில் சரளா அக்காவின் தம்பி ஆண்டனி வந்து இறங்கினான். மச்சான் வந்திருக்கிறானே என்று அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு தேங்காய் வாங்க பஜாருக்குப் போய்விட்டார்.

சரளா அக்கா வேலை முடிந்து வந்தாள். நியூஸ் பேப்பரை அரைத்தால் என்ன நிறம் வரும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். மை கரைந்து, மங்கலாக, ராகி மாவு நிறத்தில் வரும். ராகி தோசைக்கும் வெந்தயம் போட்டுத்தான் அரைப்போம். வாசனையும் சேர்ந்துகொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை. “வனஜா, தட்டு எடுத்துக்கினு வா. எங்க வீட்டுக்காரரு மாவு அரைச்சி வெச்சிருக்காரு. நான் சொல்லவே இல்ல, அவரா அரைச்சிருக்காரு.”

ஓஸ்வால்ட் அண்ணனா, மாவா? நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். வாசல் படி ஏறும்போதே கருகல் வாசனை. அடுப்பில் தோசைக்கல். கல்லின்மேல் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. அக்கா அதைத் திருப்பப் பார்த்தாள், அது திரும்ப மறுத்தது. “கொஞ்சம் கெட்டியா அரைச்சிட்டாரு, தண்ணி ஊத்திக் கரைச்சிருக்கேன். உப்பு போட மறந்துட்டாரு, பாவம், நானே போட்டேன்” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆண்டனி பாயில் உட்கார்ந்து ஏற்கெனவே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அக்கா வீட்டில் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை.

“மாமா அரைச்சதாக்கா? நல்லா மெத்துன்னு கீது” என்றான். விழுங்க முடியாமல் அடுத்த கன்னத்துக்கு மாற்றினான்.

எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் வாசலில் அண்ணன் நின்றார், ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் குடை. கல்லைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மச்சானின் வாயைப் பார்த்தார்.

“சரளா,” என்றார் மெதுவாக, “அது தோசை இல்ல. அது கூடை.”

ஆண்டனி மெல்லுவதை நிறுத்தினான். விரலை விட்டு வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அரைபடாமல் தப்பிய துணுக்கு ஒன்று. யாரோ ஒரு கிரிக்கெட்காரனின் பாதிப் பெயர் அதில் தெளிவாக இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவனும் உருண்டு உருண்டு சிரித்தான். அண்ணனும் மீசைக்குள் ஆரம்பித்தார்.

சரளா அக்கா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம், திட்டவும் இல்லை.

“கிரைண்டர்ல பேப்பர் அரைச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லங்க” என்றாள். “ஹாஸ்டல்ல நூறு பேருக்கு மாவு அரைச்சிட்டு வந்து இங்கயும் நின்னு அரைக்கிறேன். இன்னிக்கு அந்த அண்டாவைத் தெறந்து பாத்தப்ப, யப்பா, எனக்கும் ஒருத்தரு அரைச்சி வெச்சிருக்காருன்னு நெனச்சிட்டேன். அதான்.”

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் தேங்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவள் இல்லை. எழுந்து ஆண்டனிக்கு உப்புமா கிண்டப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

“கூடை வோணாம் தங்கச்சி. எனக்கு மாவு அரைக்கக் கத்துக்குடு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தனை நாள் நான் இன்னாத்தைக் கத்துக்குடுத்தேன்? ஊற வைக்கத் தெரியும். தண்ணி மாத்தத் தெரியும். கிரைண்டர் சத்தம் கேட்டே பதம் சொல்றீங்க. பேப்பருக்குப் பதிலா அரிசியும் உளுந்தும் போடுங்க. இதுக்கு ஒரு கிளாஸா?”

அவர் நேராக வீட்டுக்குப் போய் கிரைண்டரைப் பிரித்துப் போட்டு, கல்லை உப்பும் அரிசியும் போட்டு அரைத்து அரைத்துக் கழுவினார். மதியம் அக்கா வந்து கல்லில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். உள்ளே போகலாமா என்று அவரும் கேட்கவில்லை, போகாதீங்க என்று அவளும் சொல்லவில்லை.

முதல் மாவு கஞ்சியாக வந்தது. உளுந்துக்கு இப்படித் தண்ணீர் விடுவார்களா என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கத்தினேன். அக்கா அதிலேயே தோசை ஊற்றினாள். இரண்டாவது மாவில் உளுந்து அதிகம். அதற்குப் பிறகு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். உளுந்து அரைபடும்போது கல் முதலில் கட்டையாகச் சத்தம் போடும், பொங்கி வந்ததும் பொத்துப் பொத்தென்று மெத்தையில் அடிக்கிற மாதிரி ஆகும். அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பார். மூன்றாவது மாவு காலையில் அண்டாவின் விளிம்புக்கு எழும்பி நின்றது. அக்கா என் வீட்டுக்கு நான்கு இட்லி கொடுத்தனுப்பினாள். நான் பொறுக்காமல் ஐந்தாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கூடை என்ன ஆயிற்று என்றால், அந்த அண்டாவில் மிச்சமிருந்த கூழை அண்ணன் வீணாக்கவில்லை. பிழிந்து, என் சாதம் வடிக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்து, சொன்ன இடத்தில் நிறுத்தி, ஒழுங்காகத் தட்டி முடித்தார். வெளியே பச்சைப் பெயிண்ட், விளிம்பில் மஞ்சள். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அதில் சரளா அக்கா போட்ட உப்பு இருந்ததே. உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்கும். மழைக்காலம் வந்ததும் கூடை வேர்க்க ஆரம்பித்தது. காலையில் தொட்டால் ஈரம், பெயிண்ட் அங்கங்கே கொப்புளம் கட்டியது. நான் அக்காவிடம் சொன்னேன், “இதைத் தூக்கிப் போடுக்கா. உப்பு போட்ட கூழு உருப்படாது. அண்ணன் வேற ஒண்ணு செஞ்சித் தருவாரு.”

“அதெப்படித் தூக்கிப் போடறது?” என்றாள். “அரைச்சது அவரு. உப்பு போட்டது நானு.”

கூடை சமையலறையிலேயே இருந்தது. மழை நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பாள், வெயில் வந்தால் வெங்காயம் போடுவாள். அண்ணன் அதற்குப் பிறகு எத்தனையோ செய்தார். சனிக்கிழமை வகுப்பில் பெண்கள் அவர் முன்னாலேயே ஊர்க்கதை பேசுகிற அளவுக்குப் பழகிவிட்டார்கள், அவரும் தங்கவயல் கதை ஒன்றிரண்டு போடுவார். புதிதாக வருகிறவர்களிடம் சந்திரம்மா, “அண்ணாவைக் கேளு, கழுத்துவரைக்கும் பூசாதேன்னு சொல்லிக் கொடுப்பாரு” என்பாள். அவர் செய்த தட்டுகள் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இருந்தன. என் வீட்டில் இருப்பதில் இன்னும் மிளகாய் கொட்டி வைக்கிறேன்.

ஆனால் அவர் மனதில் இருந்தது என்னவோ அது நிறைவேறிய நாளை நான் பார்த்தேன். அதே மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு வார விடுமுறை. எனக்குச் சர்க்கரை தீர்ந்துபோய்க் கிண்ணத்தோடு பின்வாசல் வழியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். நன்றாக விடிந்து, முற்றத்தில் வெயில் வந்துவிட்டது. எப்போதும் அந்த நேரத்துக்கு அக்கா இரண்டாவது காப்பியை முடித்துவிட்டு யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பாள். வீடு சத்தமே இல்லாமல் இருந்தது.

அண்ணன் சமையலறையில் நின்றார். தோளில் துண்டு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு அத்தனை பெரிய மனிதர் அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே பூனை மாதிரி நடந்தார். ஒரு டம்ளரை எடுத்தபோது இரண்டு கையாலும் பிடித்து, மேடையில் வைத்துவிட்டுத்தான் மூச்சை விட்டார்.

“அக்கா எங்கண்ணே?” என்று கேட்டேன், என் வழக்கமான குரலில்.

அவர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். முன்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே சரளா அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

“உடம்பு சரியில்லையா?” என்றேன் குரலைத் தாழ்த்தி.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி” என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் எந்தக் கூடை முடித்த நாளிலும் பார்த்ததில்லை. “நேத்தே சொல்லிட்டா. நாளைக்கு டிபன் நீங்க பாத்துக்கோங்க, என்னை எழுப்பாதீங்கன்னு. தூங்குறா.”

சர்க்கரை கேட்க மறந்து கிண்ணத்தோடு திரும்பி வந்தேன். வெறும் காப்பியைக் குடித்தேன், அன்றைக்கு அது நன்றாகவே இருந்தது.